தூக்கிய கை

அத்தியாயம் 11

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் மலர் தட்டு வைப்பதை நிறுத்தி ஐந்து மாதமாகிவிட்டது. அந்தப் பாதியில் செஸ் பலகை இருந்தது. முப்பத்தேழாவது நகர்வில் நின்றுபோன ஆட்டம். வெள்ளைச் சிப்பாய் ஒன்று ஓரமாகவே ஏறி வந்து ஆறாவது கட்டத்தில் நின்றது. இன்னும் இரண்டு கட்டம் போனால் அது ராணி.

தினமும் காலையில் காப்பியோடு கறுப்புப் பக்கத்தில் உட்காருவார் அவள் கணவர் திருச்செல்வம். எதிர் நாற்காலி காலியாக இருக்கும். சில நாள் காப்பி ஆறி ஏடு கட்டும்வரை உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை வரும் என்று எதிர்பார்ப்பதுபோல் இருக்கும். அந்தச் சிப்பாயை அவர் தொட்டதே இல்லை. தொட்டால் நகர்த்த வேண்டும். அது விதி.

ஆறு வருஷத்துக்கு முன் குளுவாங் டேவானில், ஊர்ப் பொதுமண்டபத்தில், நடந்த மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. எதிரே உட்கார்ந்திருந்தவன் சொந்தத் தம்பி ரூபேந்திரன். இரண்டு நகர்வில் தம்பி ஜெயித்திருப்பான். அப்போதுதான் அவன் கால்சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது. இரண்டே தடவை அடித்து நின்றது. நடுவர் சதாசிவம் மண்டபத்தின் மறுகோடியில் முதுகு காட்டி நின்றிருந்தார். அவர் காதில் விழவில்லை.

தம்பி அண்ணனைப் பார்த்துச் சிரித்தான்.

திருச்செல்வம் கை தூக்கினார்.

ஆட்ட நேரத்தில் யாருடைய கைப்பேசி ஒலிக்கிறதோ அவர் தோற்றார். ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் திருச்செல்வம். அவருக்குச் சிவப்பு என்றால் சிவப்பு. தம்பி தன் ராஜாவைப் பலகையில் சாய்த்தான். கைகொடுக்காமல் எழுந்து போனான். அதன்பிறகு அண்ணனோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. போன தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், பாசிர் கூடாங்கில் வேலை முடித்துப் பேருந்துக்கு நின்றவன் நின்ற இடத்திலேயே சரிந்தான். நாற்பத்தொன்பது வயது.

செஸ் கிளப்பில் ரூபேந்திரன் நினைவுப் போட்டி நடத்த முடிவு செய்தார்கள். போன வாரம் தம்பி மகள் ஷர்மினி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தொடக்க ஆட்டத்தை நான் ஆடறேன் பெரியப்பா. எதிர்ல நீங்கதான் உக்காரணும்."

ஆறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'பெரியப்பா'. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அந்த வாரத்தை ஓட்டினார் திருச்செல்வம்.

இன்று சனிக்கிழமை. ஒன்பது மணி ரயிலில் ஷர்மினி வந்து இறங்கினாள். இருபத்துநாலு வயது, செனாயில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வீட்டுக்குள் வந்தவள் பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையருகே போய் நின்றாள். பலகையை வெகுநேரம் பார்த்தாள்.

"இதை அப்படியே வச்சிருக்கீங்களா?"

"உங்க பெரியம்மா தூசு மட்டும் தட்டுவா. காயை எடுத்துத் தொடச்சிட்டு அதே கட்டத்துல வச்சிருவா."

"அடுத்த மூவ் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் நகர்த்தல?"

"என் முறை இல்லம்மா."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். தம்பியின் கண்கள். இமைக்காமல் பார்க்கும் அதே பழக்கம். திருச்செல்வம் பார்வையைக் காப்பிக் கோப்பைக்கு இறக்கிக்கொண்டார்.

"சாப்டியா ஷர்மி? தோசை ஊத்தட்டுமா?" என்று மலர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேணாம் பெரியம்மா. ஆட்டத்துக்கு முன்ன நான் சாப்பிட மாட்டேன்."

தம்பியும் சாப்பிடமாட்டான்.

*

டேவானில் நாற்பது மேசை போட்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே தனியாக ஒரு மேசை, அதன் பின்னால் மாலை போட்ட படம். யாரோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து ரூபேந்திரனை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அவன் தோள்மேல் இருந்த கை யாருடையது என்று திருச்செல்வத்துக்குத் தெரியும். விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவருடைய விரல்கள்.

"வாங்க திரு," என்றார் சதாசிவம். கிளப் செயலாளர், இன்றைக்கும் நடுவர் அவர்தான். எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினார். எப்போதும்போலவே கண்ணைப் பார்க்காமல் பேசினார். "பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்கும். முப்பது நிமிஷ ஆட்டம். ரூல் எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேணாம்."

யாரோ பின்னால் சன்னமாகச் சிரித்தார்கள். இல்லை, யாரும் சிரிக்கவில்லையோ என்னவோ.

ஷர்மினி வெள்ளைப் பக்கம் உட்கார்ந்தாள். "அப்பா வெள்ளைதான் ஆடினாங்க," என்றாள். யாரும் எதிர்க்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுக்க உதவிய மலர் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குவளையோடு சுவரோரம் வந்து நின்றாள்.

முதல் எட்டு நகர்வு வேகமாக ஓடியது. அண்ணனும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே பழகிய வழிதான். பொண்ணு அப்பாவிடம் கற்றிருக்கிறாள் என்று திருச்செல்வம் உள்ளுக்குள் பூரித்தார்.

ஒன்பதாவது நகர்வில் அவள் குதிரையை எடுத்தாள். கட்டத்தில் வைத்தபின் அதன் முகத்தை விரல் நுனியால் இடப்பக்கம் திருப்பினாள்.

திருச்செல்வம் அந்தக் குதிரையையே பார்த்தார்.

தம்பி மட்டும்தான் அப்படிச் செய்வான். அந்த நகர்வும் தம்பி ஒரே ஒரு தரம், ஒரே ஒரு ஆட்டத்தில் செய்தது. வீட்டு மேசைமேல் இருக்கும் அந்த ஆட்டத்தில்.

அவர் தலைநிமிர்ந்தார். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, படத்துக்குள்ளிருந்து ரூபேந்திரன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விலகிப் போக வழி இருந்தது. பத்தாவது நகர்வில் பிஷப்பை வேறு பக்கம் வைத்தால் போதும், இது வேறு ஆட்டமாகிவிடும். கை அந்தப் பிஷப்புக்கு மேலே போய் நின்றது. ஆனால் வழி மாறினால் எதிரே உட்கார்ந்திருப்பவன் எழுந்து போய்விடுவான் என்று தோன்றியது. அவர் அன்று ஆடியதையே ஆடினார்.

அவளும் ஆடினாள். பன்னிரண்டு, பதினேழு, இருபத்துமூன்று. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் அவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் என்ன செய்வார் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. காய் மரத்தில் படும் சத்தம் மட்டும் கேட்டது. முப்பதாவது நகர்வுக்குப் பிறகு அவர் எதிரே பெண் கையைப் பார்க்கவில்லை. தம்பியின் எண்ணெய்க் கறை போகாத நகங்களைப் பார்த்தார்.

இந்த முறை பார்த்துவிடலாம் என்று நினைத்தார். தோற்றுவிடலாம். அந்தச் சிப்பாய் ஏழில் ஏறட்டும், எட்டில் ஏறட்டும், ராணியாகட்டும். நான் எழுந்து கைகொடுத்து, நல்ல ஆட்டம்டா என்று சொல்வேன். அந்த ஒரு வாக்கியம் ஆறு வருஷமாக அவர் தொண்டையில் கிடந்தது.

முப்பத்தேழாவது நகர்வு. அவர் யானையை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினார். சிப்பாய் ஆறாவது கட்டத்தில் நின்றது. அவள் முறை.

ஷர்மினியின் இடது கை மேசைக்குக் கீழே போனது.

மணி ஒலித்தது.

இன்றைய கைப்பேசிகளின் சத்தம் இல்லை. பழைய பொத்தான் போனின் கீச்சுக் குரல், மூன்று சுரம் ஏறி ஒரு சுரம் இறங்கும். அதே ஒலி. ஒன்று. இரண்டு. நின்றது.

சுவரோரம் ஒரு கண்ணாடிக் குவளை விழுந்து உடைந்தது. யாரும் திரும்பவில்லை.

ஷர்மினி மேசைமேல் அந்தக் கைப்பேசியை வைத்தாள். ரூபேந்திரனுடையது. கேமரா உள்ள போனைத் தொழிற்சாலைக்குள் விடமாட்டார்கள் என்று அவன் கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்த ரகம்.

"என் போன் அடிச்சிருச்சு பெரியப்பா," என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. "கை தூக்குங்க."

திருச்செல்வத்தின் இரண்டு கைகளும் தொடைமேல் கிடந்தன.

"ஆடும்மா," என்றார். "அந்த ரெண்டு மூவையும் ஆடு. நான் பாக்கணும்."

"அப்பா ஆடலையே."

சதாசிவம் பக்கத்தில் வந்து நின்றார். "திரு... என்ன சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு மணி கேக்கல."

"எல்லாருக்கும் கேட்டுச்சு லா."

"அன்னிக்கு உங்களுக்குக் கேக்கலையே சதாசிவம்!"

ஷர்மினி தன் ராஜாவை எடுத்துப் பலகையில் மெல்லச் சாய்த்தாள். பிறகு எழுந்து, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"கை குடுங்க பெரியப்பா. ஜெயிச்சவங்க கை குடுக்கறதுதான் மரியாதை."

கொடுத்தார். என்ன நடந்தது என்று புரியாத நாலைந்து சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் என்று மண்டபம் முழுக்கக் கை தட்டல் பரவியது. வெற்றி பெற்றவருக்கு என்று வாங்கி வைத்திருந்த பொன்னாடையை யாரோ கொண்டுவந்து அவர் தோளில் போட்டார்கள். படத்தில் தம்பியின் தோளில் அந்த விரல்கள் இருந்தன.

*

திருச்செல்வம் காரை எடுத்தார். வீட்டில் விட்ட பையை எடுக்க வேண்டும் என்று ஷர்மினி பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். மலர் முன்னால். உடைந்த குவளையைப் பொறுக்கியபோது அவள் சுண்டுவிரலில் கண்ணாடி கீறிய இடத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததும் திருச்செல்வம் பொன்னாடையைக் கழற்றி மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி மடித்தார்.

"உங்கப்பா மூவ் எல்லாம் எழுதி வச்ச ஸ்கோர் ஷீட்டைப் பாத்து மனப்பாடம் பண்ணியா?"

"அஞ்சு மாசமா." ஷர்மினி நின்றுகொண்டே பேசினாள். "போனும் அந்த ஷீட்டும் ஒரே டப்பாவுல இருந்துச்சு. அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு வந்ததும் சிம்மைக் கழட்டிட்டு அப்பா அதை மூடி வச்சிட்டாங்க. அதே மாதிரி வேற ஒண்ணு வாங்கிக்கிட்டாங்க. அம்மா அதைத் தூக்கிப் போடச் சொன்னாங்க. நான்தான் சார்ஜ் போட்டுப் பாத்தேன். இன்னிக்கு அந்த ரிங்டோனை நானேதான் அழுத்தினேன்."

"என்னைத் திட்டணும்னா திட்டிரு ஷர்மி. ஆனா நான் செஞ்சது ரூல்படி..."

"ரூலா?" முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "யாரு கால் பண்ணதுன்னு நீங்க என்னிக்காச்சும் யோசிச்சிங்களா பெரியப்பா?"

"கஸ்தூரியா இருக்கும்னு நெனச்சேன். உங்கம்மா."

"அம்மா அன்னிக்கு வேலையில இருந்தாங்க. போன் லாக்கர்ல." கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "படிங்க. கடைசியா வந்த மிஸ்டு கால்."

சின்னத் திரை. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. மலர் அண்ணி. மணி மூன்று நாற்பத்தைந்து.

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் பெரியம்மாவை வச்சுக் கால் போட வச்சிங்க. அப்புறம் கையத் தூக்கினிங்க. இதுதானே உங்க ரூலு?"

திருச்செல்வம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பார்த்த முகம். அதில் அவருக்கு எதுவும் படிக்கத் தெரியவில்லை.

"மலரு?"

மலர் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் உட்காராத, வெள்ளைப் பக்கத்து நாற்காலியில்.

"நான்தான் போட்டேன்," என்றாள்.

"அதான் தெரியுதே பெரியம்மா. போடச் சொன்னது யாரு?"

"உங்கப்பா."

சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. மலர் இருவரையும் பார்க்காமல், பலகையைப் பார்த்தே சொன்னாள்.

"ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி எனக்குப் போன் பண்ணாரு. கிளப்புல ஒரே பேச்சாம். இவரு காயால ஜெயிக்கறது இல்ல, ரூலால ஜெயிக்கறாருன்னு. அரையிறுதியில ஒரு சின்னப் பொண்ணு காயைத் தொட்டுட்டுக் கையை எடுத்துச்சாம். தொட்டதையே ஆடணும்னு இவரு நின்னாராம். அது அழுதுக்கிட்டே தோத்துச்சாம். சதாசிவம் சொல்லியிருக்காரு, 'நாளைக்கு நீயே உக்காந்தாலும் உங்கண்ணன் விடமாட்டாரு'ன்னு. தம்பிக்குத் தாங்கல. 'எங்கண்ணன் என்கிட்ட அப்படிச் செய்ய மாட்டாரு அண்ணி. எல்லாரும் பாக்கட்டும். மூணேமுக்காலுக்கு ரெண்டு ரிங் விட்டுட்டு வச்சிருங்க'ன்னாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. நானும் சிரிச்சேன். அண்ணன் தம்பி விளையாட்டுன்னு நெனச்சேன்."

"சதாசிவத்துக்கு..." திருச்செல்வத்துக்கு வார்த்தை முடியவில்லை.

"தெரியும். காது கேக்காத மாதிரி திரும்பி நில்லுங்கன்னு தம்பிதான் சொல்லி வச்சாராம். இன்னும் நாலஞ்சு பேருக்குத் தெரியும்."

அந்தச் சிரிப்பு. ஆறு வருஷமாக அதை ஏளனம் என்று ஒரு நாளும், அசட்டுச் சிரிப்பு என்று இன்னொரு நாளும் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். இப்போது அது வேறு முகத்தோடு அவர்முன் வந்தது. தம்பி காத்திருந்தான். 'பரவால்லடா, ஆடு' என்று அண்ணன் சொல்வதற்காக, பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் பெருமையோடு காத்திருந்தான்.

அன்று தூக்கியது வலது கை. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஷர்மினி கைப்பேசியைக் கீழே இறக்கினாள். "அப்பா ஏன் என்கிட்ட சொல்லல? நான் இத்தனை வருஷம் பெரியப்பாவை..."

"எப்படிம்மா சொல்வாரு? அண்ணனை நம்பித் தானே மாட்டிக்கிட்டதை மகள்கிட்ட எந்த வாயால சொல்வாரு?"

"நீ சொல்லியிருக்கலாமே," என்றார் திருச்செல்வம். கோபமாக இல்லை. குரலில் கோபத்துக்கே இடமில்லை. "ஆறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தியே."

"கோப்பையைத் தூக்கிக்கிட்டு வந்து, ஃபைனல்ல ஜெயிச்சிட்டேன், தம்பியே ஆனாலும் ரூல் ரூல்தான்னு சொன்னீங்க. அன்னிக்குச் சொல்ல வாய் வரல. அப்புறம் தம்பி வரப்போக இல்லாம ஆனதும் பயம். என்னாலதானே பிரிஞ்சீங்கன்னு. நாள் ஆக ஆக... சொல்ல முடியலங்க."

மலர் முந்தானையால் விரலைச் சுற்றினாள். ரத்தம் துணியில் ஊறியது.

"இன்னொண்ணும் இருக்கு. அதையும் இன்னிக்கே சொல்லிடறேன். நாளைக்குன்னா எனக்குத் தைரியம் இருக்காது."

ஷர்மினி பெரியப்பாவைப் பார்த்தாள்.

"தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தம்பி இங்க வந்தாரு. நீங்க கோயில்ல பந்தல் வேலைக்குப் போயிருந்தீங்க. கேட்டுக்கு வெளிய நின்னு, 'அண்ணனைப் பாக்கணும் அண்ணி, எல்லாத்தையும் சொல்லிடணும், மனசு கெடந்து அடிச்சிக்குது'ன்னாரு. சொன்னா நான் போன் போட்டதும் வெளிய வந்துருமேன்னு..."

"என்ன சொன்ன?"

"ஏங்க..."

"என்ன சொல்லி அனுப்பின மலரு?"

"'உங்கண்ணன் உங்க மொகத்துலயே முழிக்க விரும்பல'ன்னு சொன்னேன்."

ஷர்மினி வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து நாள். அதற்குப் பிறகு ரூபேந்திரன் உயிரோடு இருந்தது பத்தே நாள். அந்த வார்த்தையோடுதான் பேருந்துக்கு நின்றிருக்கிறான்.

திருச்செல்வம் மிகவும் சன்னமாகக் கேட்டார்.

"அவன் என்ன சொன்னான்?"

"கேட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. 'சரி அண்ணி. சதாசிவம் வீட்டுக்குப் போறேன். அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை அவர்கிட்ட சொல்லிட்டுப் போறேன்'னாரு. அவ்வளவுதான்."

ஐந்து மாதம். இறுதிச் சடங்கில் பக்கத்தில் நின்ற சதாசிவம். இன்று காலையில்கூட, வாங்க திரு என்பதோடு நிறுத்திக்கொண்ட சதாசிவம்.

திருச்செல்வம் ஆணியில் தொங்கிய கார்ச்சாவியை எடுத்தார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர், திரும்பி வந்து சரியாகப் போட்டுக்கொண்டார். அவர் காரைக் கிளப்பியபோது முன்கதவு திறந்தது. ஷர்மினி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. ஆனால் பின்னிருக்கைக்கும் போகவில்லை.

"டேவான்ல முதல் ரவுண்டு ஆரம்பிச்சிருக்கும் பெரியப்பா. நடுவுல பேச விட மாட்டாரு சதாசிவம்."

"ஆட்டத்தை நிறுத்தச் சொல்வேன்," என்றார் திருச்செல்வம்.

மலர் வெறுங்காலோடு ஓடி வந்து சன்னல் கண்ணாடியில் கை வைத்தாள். முந்தானை சுற்றிய கை.

"நானும் வரட்டாங்க?"

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவு பூட்டியிருந்தது. ஷர்மினி பூட்டைத் திறக்கும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, அழுத்துவதா வேண்டாமா என்று பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.